சாம்பல் நிற வாள்கள்

புதன்கிழமை மாலைகளில் நாட்டிங்ஹாம் நகரத்து ஸ்னெய்ன்டன் பகுதியில், எங்கள் தேவாலயக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு போர்கள் ஒரே சமயத்தில் நடக்கும். மேசைக்கு மேசை பகடை உருளும். கட்டைவிரல் உயரப் பொம்மை வீரர்கள் முன்னேறுவார்கள், சாவார்கள், அடுத்த புதன்கிழமை மறுபடி எழுந்து வருவார்கள். தோற்றவன் ஜெயித்தவனுக்கு டீ கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இத்தனை சத்தத்துக்கும் நடுவே, சுடுநீர்க் குழாய் ஓடும் சுவரை ஒட்டி, கழுத்து வளைந்த ஒரு விளக்கின் கீழே ஒருத்தி மட்டும் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள்.

அவள்தான் லோர்னா ஷாக்லாக். வயது ஐம்பத்திரண்டு. பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிப்பவள். பதினோரு வருடமாக எங்கள் கிளப்புக்கு வருகிறாள். ஒரு நாளாவது பகடையைத் தொட்டதில்லை.

அவள் செய்வது ஒன்றே ஒன்று. பொம்மைகளுக்கு ஒளி போடுவாள்.

அந்த வீரர்கள் கையில் இருப்பது சாதாரண வாள் அல்ல. மின்னல் ஓடும் வாள். உள்ளே நெருப்பு கொதிக்கும் துப்பாக்கி. பச்சை வெளிச்சம் கக்கும் மந்திரக்கோல். உடம்பு, கவசம், குதிரை எல்லாம் எங்களுக்கே வண்ணம் அடிக்கத் தெரியும். ஒளி மட்டும் வராது. நாங்கள் நீலம் அடித்தால் அது நீலமாக இருக்கும். லோர்னா அடித்தால் அது எரியும். எரிவதோடு நிற்காமல் அதன் வெளிச்சம் வீரனின் தாடைக்கு அடியில் படும், முழங்கால் மேல் படும், குதிரையின் ஒற்றைக் கண்ணில் புள்ளியாக மின்னும். பொம்மையை எடுத்துப் பார்க்கிறவன் சுடுமோ என்று விரலை இழுத்துக்கொள்வான்.

அதனால் ஆளாளுக்கு அவள் மேசை முன்னால் வரிசையில் நிற்போம்.

"லோர்னா கண்ணு, என் தளபதிக்கு வாள் மட்டும் போதும். சனிக்கிழமைக்குள்ள கிடைக்குமா?" என்பார் மெல்வின். நகரப் பேருந்து ஓட்டுநர். உருவம் பெரிது, வாய் அதைவிடப் பெரிது.

"கிடைக்கும். எந்தச் சனிக்கிழமைன்னுதான் சொல்லமாட்டேன்."

"கெட்டிக்காரி. உனக்குப் போய் இன்னும் ஒரு புருஷன் கிடைக்கலை பாரு."

"கிடைச்சா அவனும் வரிசையிலதான் நிக்கணும், மெல்வின்."

நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். அவள் கீழுதட்டில் எப்போதும் ஒரு நீலப் புள்ளி இருக்கும். பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளுக்கு 'நீல உதடு' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

கூடம் காலியானதும் நாங்கள் கூட்டமாக மூலைக் கடைக்கு நடப்போம், புதினா சாஸ் ஊற்றிய பட்டாணி சாப்பிட. "வாயேன் லோர்னா" என்று யாராவது ஒருவர் கேட்பது வழக்கம். "அடுத்த வாரம்" என்பாள் அவள். பதினோரு வருடமாக அந்த அடுத்த வாரம் வரவில்லை. ஒற்றைக் கோப்பை, ஒற்றைத் தட்டு, அம்மா விட்டுப்போன வீடு. உள்ளே நுழைந்ததும் ரேடியோவைப் போடுவாளாம். பாட்டுக் கேட்க அல்ல. வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் இப்படி? கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாளைக் கொடுத்தோம், வாளை வாங்கிக்கொண்டோம். பின்னாளில் அவளே சொன்னபோதுதான் எங்களுக்கு வெட்கம் வந்தது.

லோர்னாவுக்கு ஓர் அண்ணன். பெயர் ராட்னி. இரண்டு வயது மூத்தவன். அப்பா சுரங்கத்துக்கும் அம்மா லேஸ் ஆலைக்கும் போய்விட, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இருவருக்கும் வீடு மொத்தமும் சொந்தம். ராட்னி ஈயத்தில் வார்த்த பொம்மை வீரர்களை வாங்கிவந்து வண்ணம் அடிப்பான். முகம் பிடிக்கும், மேலங்கி பிடிக்கும். வாள் மட்டும் அவனுக்கு அலுப்பு. ஒருநாள் ஒன்பது வயதுத் தங்கையின் பக்கம் பொம்மையைத் தள்ளினான்.

"வாளை நீ போடு. இனிமே அது உன் வேலை."

விளையாட்டாகச் சொன்னது. அவள் அதை வேதமாக எடுத்துக்கொண்டாள்.

மாடிப்படிக்கு அடியில் ஓர் அலமாரி உண்டு. துடைப்பமும் பழைய பூட்ஸும் கிடக்கும். இருவரும் முட்டிக்கு முட்டி இடிக்க அதற்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். டார்ச் விளக்கின் குட்டி பல்பு ஒன்றைக் கம்பி சுற்றி மின்கலத்தோடு இணைத்திருந்தான் ராட்னி. பொம்மையின் வாள் இருக்கும் இடத்தில் அதைப் பிடிப்பான். இருட்டில் அந்தச் சிறு வெளிச்சம் வீரன் மேல் எங்கெங்கே விழுகிறது, எங்கே விழாமல் நிற்கிறது என்று லோர்னா கண் இமைக்காமல் பார்த்து மனதில் வாங்கிக்கொள்வாள். பிறகு வெளியே வந்து வரைவாள்.

வரையும்போது தினம் ஒரு சண்டை.

"என் சிவப்பைக் கெடுக்கறியே. அந்த மேலங்கிய எவ்வளவு கஷ்டப்பட்டு அடிச்சேன் தெரியுமா?"

"பக்கத்துல எல்லாம் பளபளன்னு இருந்தா வாள் எப்படி எரியும்? வாள் பக்கம் கொஞ்சம் அழுக்காக்கணும்."

"அம்மா, இவ என் சிவப்பைக் கெடுக்கறா."

அம்மா அடுக்களையிலிருந்தே, "ரெண்டு பேரும் கெட்டுப்போனவங்கதான், சாப்பிட வாங்க" என்பாள்.

இப்படியே இருபது வருடம் ஓடியது. அண்ணன் உடம்பு, தங்கை ஒளி. ஊர் ஊராகப் போட்டிகளில் 'ஷாக்லாக்' என்ற ஒரே பெயரில் பொம்மைகளை வைப்பார்கள். லோர்னாவுக்கு வேறு நண்பர்கள் தேவைப்படவில்லை. ராட்னி இருந்தான், போதும்.

ராட்னிக்குக் கெய்னர் கிடைத்தாள்.

தொண்ணூற்று ஆறாம் வருடம். அவனுக்கு முப்பத்தொன்று. கெய்னர் நல்ல பெண், லிங்கன் நகரத்துக்காரி. கல்யாணம் முடிந்து அங்கேயே குடிபோவதாக முடிவாயிற்று. ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஆனால் முட்டிக்கு முட்டி இடித்து உட்கார்ந்தவளுக்கு ஒரு மணி நேரம் என்பது கடல் அல்லவா?

அந்த வருடம் பர்மிங்ஹாமில் பெரிய போட்டி. முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை மேல் ஒரு வீரன். ஏழு மாத உழைப்பு. இரண்டு நாள்தான் பாக்கி. மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் முடிந்தது.

எங்கள் ஆட்களில் நேற்று பிரஷ் பிடித்தவனுக்கும் ஒரு பாடம் தெரியும். மழைநாளில் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்காதே. காற்றில் ஈரம் இருந்தால் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். ஏழு மாதமானாலும் ஏழு வருடமானாலும் அடியில் இருக்கும் வண்ணம் போனது போனதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து தூறல். ராட்னியும் கெய்னரும் புது வீட்டுக்குத் திரைச்சீலை பார்க்கப் போயிருந்தார்கள். லோர்னா பொம்மையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். ஈரத்துணி காயாமல் தொங்கும் கொடிக்குக் கீழே நின்று டப்பாவைக் குலுக்கினாள். அடித்தாள்.

ராட்னி திரும்பியபோது குதிரையின் மேலும் வீரன் மேலும் உறைபனி விழுந்திருந்தது. அவள் போட்ட வாளின் நீலத்தை மூடி வெள்ளை. அவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. காதுவலிக்கு அம்மா வைத்திருந்த ஆலிவ் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு, வெள்ளை போகிறதா என்று தடவிப் பார்த்தான். திட்டுத் திட்டாகச் சிவப்பு எட்டிப் பார்த்தது. பார்க்கப் பார்க்க இன்னும் அசிங்கமானது.

"மழை பெய்யுது, லோர்னா. மழையில யாராவது அடிப்பாங்களா?"

"டப்பாவுல கோளாறு."

"பொறாமையில செஞ்சிட்ட."

"டப்பாவுல கோளாறுன்னு சொல்றேன்ல."

அவன் பஞ்சை மேசைமேல் வைத்தான். அப்புறம் அவளோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. எட்டு வருடம் கழித்து அம்மா இறந்தபோது சவப்பெட்டியின் தலைமாட்டில் அவனும் கால்மாட்டில் அவளுமாக நின்றார்கள். கெய்னர் வந்து, "டீ வேணுமான்னு ராட்னி கேக்கச் சொன்னான்" என்றாள். "வேண்டாம்னு சொல்லிடு" என்றாள் லோர்னா. இருபத்துமூன்று வருடத்தில் அண்ணனும் தங்கையும் பரிமாறிக்கொண்டது அவ்வளவுதான்.

டப்பாவில் கோளாறு இல்லை. மழை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் குலுக்கினாள், தெரிந்தேதான் அடித்தாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அண்ணன் கிடைத்திருப்பானோ என்னவோ. வாய்வரை வரும், நின்றுவிடும். மழை பெய்யும் நாளெல்லாம் மறுபடி வரும். நாட்டிங்ஹாமில் மழை பெய்யாத நாள் எத்தனை?

போன அக்டோபரில் மெல்வின் லிங்கனில் நடந்த ஒரு போட்டிக்குப் போய் வந்தார். அடுத்த புதன்கிழமை லோர்னாவின் மேசைமேல் பிட்டத்தைச் சாய்த்துக்கொண்டு கதை அளந்தார்.

"ஒரு கிறுக்கனைப் பார்த்தேன் கண்ணு. அறுபது வீரன் வெச்சிருக்கான். ஒவ்வொண்ணும் கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா ஒரு வாளுக்காவது பெயின்ட் இருக்கணுமே? பிரைமர் அடிச்ச சாம்பல் கலர்ல அப்படியே நிக்குது, அறுபதும்."

"முழுசா பெயின்ட் அடிக்கலைன்னா ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளி போகுமே" என்றார் யாரோ.

"போகுது. வருஷா வருஷம் போகுதாம். போன தடவை நாலே நாலு புள்ளியில கோப்பையை விட்டிருக்கான். கேட்டா, 'அது என் வேலை இல்ல'ங்கறான்."

"சோம்பேறி."

"அப்படியும் சொல்ல முடியலையே. இன்னொரு கூத்து கேளு. வாள் இருக்கற பக்கம் மட்டும் மேலங்கி அழுக்கா கெடக்கு. அருமையா சிவப்பு அடிச்சிட்டு அது மேலயே கரியைத் தேய்ச்ச மாதிரி. நல்லா இருக்கறதை எவனாவது கெடுப்பானா?"

லோர்னாவின் பிரஷ் நின்றது. நீலச் சொட்டு ஒன்று யாருடைய தளபதியின் மூக்கிலோ விழுந்தது.

"பேரு என்னமோ… ராட்னி ஷாக்லாக். ஏன் கண்ணு, உனக்குச் சொந்தமா?"

"இல்ல" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போனவள் ரேடியோவைப் போடவில்லை. மாடிப்படி அலமாரியைத் திறந்து, துடைப்பத்தை வெளியே எடுத்துவைத்துவிட்டு, கோட்டோடு உள்ளே போய் உட்கார்ந்தாள். ஐம்பத்திரண்டு வயது உடம்புக்கும் அதில் இடம் இருந்தது. எதிரே இன்னொரு ஆளுக்கும் இருந்தது. அறுபது வாள்களையும் வெறுமையாக விட்டு, அவற்றுக்குப் பக்கத்தில் இருட்டை மட்டும் தயாராக வைத்திருக்கிறானே ஒருவன், யாருக்காக? யார் வருவாள் என்று? கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மூன்று புதன்கிழமை கழித்து மெல்வினிடம் கேட்டாள்.

"அடுத்த தடவை லிங்கன் போறப்ப எனக்கும் ஒரு டிக்கெட் எடு."

"நீ ஆடமாட்டியே."

"ஆடலை. சும்மா."

நவம்பர் கடைசி சனிக்கிழமை எங்கள் கிளப்பிலிருந்து நாலு பேர் போனோம், லோர்னாவோடு ஐந்து. ரயில் ஜன்னலில் மழை வழிந்துகொண்டே வந்தது. மடியில் பிரஷ் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதையெல்லாம் எதற்குத் தூக்கிவருகிறாள் என்று எங்களுக்குப் புரியவில்லை.

போட்டி ஒரு விளையாட்டு அரங்கத்தில். காலை ஆட்டம் முடிகிறவரை லோர்னா உள்ளே வரவில்லை, கோட்டு மாட்டும் நடையிலேயே நின்றாள். மதிய இடைவேளையில் எல்லோரும் தங்கள் படைகளை நீள மேசைகளில் பரப்பிவைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். மற்றவர்கள் சுற்றிவந்து பார்க்கலாம். பார்க்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வது மரபு. அடுத்தவன் பொம்மையைத் தொடுவது எங்களுக்குள் அடுத்தவன் பிள்ளையைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம். அப்படித் தொட்டதற்காக ஒருவனை ஆயுளுக்கும் விலக்கிவைத்த கிளப்புகள் உண்டு.

லோர்னா அந்த மேசைக்கு வந்தாள். சிவப்பு மேலங்கிகள், சாம்பல் வாள்கள். குனிந்து பார்த்தாள். எந்த முழங்காலுக்குப் பின்னால் வெளிச்சம் போகாதோ, எந்த மடிப்பில் நிழல் நிற்குமோ, அங்கெல்லாம் கணக்காக இருட்டு. அவள் வந்து உட்கார விரித்துவைத்த பாய் போல.

நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர்க் குப்பியைத் திறந்தாள். முன்வரிசை வீரன் ஒருவனைக் கையில் எடுத்தாள்.

மெல்வின் ரொட்டியும் கையுமாக ஓடிவந்தார். "லோர்னா, கீழ வை. பைத்தியமா உனக்கு? வெளியே தள்ளிடுவாங்க."

அவள் வைக்கவில்லை. கருநீலத்தைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிட்டாள். காயட்டும் என்று ஊதினாள். மேலே நீலம், அதற்கு மேலே இன்னும் வெளுத்த நீலம், ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிடக் குறுகலாக. பிரஷ்ஷை உதட்டில் வைத்தாள். தாடைக்கு அடியில் ஒரு கீற்று. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. நடுவர் வந்தார், ஒல்லியான மனிதர், கழுத்தில் அட்டை.

"இது உங்க படையாம்மா?"

"இல்ல."

"அப்ப எழுந்திருங்க."

"ஒரு நிமிஷம். ஈரமா இருக்கு."

"எழுந்திருங்கன்னா எழுந்திருக்கணும்."

கூட்டம் விலகியது. தலை முழுக்க நரைத்த ஒரு மனிதர் காகிதத் தட்டில் பன்றிக்கறி ரொட்டியோடு நின்றிருந்தார். பின்னால் கெய்னர். அந்த நரைத்த தலையை லோர்னா நிமிர்ந்து பார்க்கவில்லை. பிரஷ் நுனியில் வெள்ளை இருந்தது. வாளின் நடுவில் கடைசியாக வைக்க வேண்டிய ஒரே கோடு. கை நடுங்கினால் எல்லாம் போய்விடும். கோடு போட்டு முடித்தாள்.

"சார், இவங்க உங்க பொம்மையைத் தொட்டு…" என்று தொடங்கினார் நடுவர்.

ராட்னி ரொட்டித் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவர் கையிலேயே கொடுத்தார்.

"வாளெல்லாம் அவளோடது" என்றார்.

பிறகு மேசையருகே வந்து குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"என் சிவப்பைக் கெடுத்திட்ட."

"நான் கெடுக்கலை. நீயே கெடுத்து வெச்சிருந்த."

இத்தனை வருடம் கழித்து அண்ணனும் தங்கையும் பேசிய முதல் பேச்சு இதுதான். அதோடு நின்றிருந்தால் இருவரும் சிரித்துவிட்டுப் பிரிந்திருப்பார்கள். லோர்னா நிற்கவில்லை. பொம்மையை மேசைமேல் வைத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்தாள்.

"ராட்னி. அன்னிக்கு மழைன்னு எனக்குத் தெரியும். டப்பாவுல ஒரு கோளாறும் இல்ல. தெரிஞ்சுதான் அடிச்சேன். நீ போறேன்னு அடிச்சேன்."

கூரைத் தகட்டில் மழை விழுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"தெரியும்" என்றார் ராட்னி.

கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கும் மழைதான். வார்னிஷ் மட்டும் அடிச்சிடாத" என்றார்.

அழுதது அவர்கள் இருவரும் அல்ல, கெய்னர். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "இருபத்திமூணு வருஷமா இந்த மனுஷன்கிட்ட சொல்லிப் பார்த்துட்டேன், வாளுக்கு எதையாவது பூசித் தொலைன்னு. என்னைக்கூடத் தொடவிடலை" என்றாள்.

மெல்வின் லோர்னாவின் காதருகே குனிந்தார். "சொந்தம் இல்லன்னியே?"

"அண்ணன்" என்றாள் லோர்னா.

அன்று பிற்பகல் ஆட்டத்திலும் ராட்னிக்குப் பத்துப் புள்ளி போயிற்று. ஐம்பத்தொன்பது வாள் பாக்கி இருந்ததே.

மாலையில் வாசலில் பிரிந்தோம். ராட்னி பஞ்சு வைத்த சிறிய பெட்டி ஒன்றைத் தங்கையிடம் நீட்டினார். திறந்து பார்த்தாள். நாலே நாலு வீரர்கள்.

"மத்தது?"

"தபால்ல அனுப்பறேன். நாலு நாலா."

"எதுக்கு? மொத்தத்தையும் குடு. வசந்தத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

"அதான் குடுக்கலை" என்றார் ராட்னி.

கட்டிப்பிடிக்கவில்லை. அவர் அவள் கோட்டுக் காலரை மழைக்காகத் தூக்கிவிட்டார், அவ்வளவுதான். அவருக்கு லிங்கனில் வீடு, அவளுக்கு ஸ்னெய்ன்டனில். நடுவில் அதே ஒரு மணி நேரம். ரயிலில் அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

அடுத்த புதன்கிழமை கூடம் காலியானதும் வழக்கம்போல எங்களில் யாரோ கேட்டார். "பட்டாணி சாப்பிட வாயேன் லோர்னா."

"அடுத்த வாரம்" என்று சொல்லிவிட்டு விளக்கை மடக்கினாள். வீட்டில் அவளுக்காக நாலு பேர் காத்திருந்தார்கள்.